400 பேரைக் கேட்டு ‘மியன்மார் ஸ்மார்ட்போன் பயனர்’ என்று எழுதிய அறிக்கை: நம்பிச் சரக்கு எடுக்கலாமா?

மொகல்தெரு_கடை:

வணக்கம். ரங்கூனில் மூன்று போன் கடைகளுக்குச் சரக்கு எடுக்க வேண்டும். தடின்ஜுட் விளக்குத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் சேர்த்து வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு எடுங்கள் என்று மொத்த வியாபாரி நெருக்குகிறார். ஆதாரமாக ஒரு சந்தை ஆய்வு அறிக்கையை நீட்டுகிறார். 38 பக்கம், வழவழ தாள், வண்ண வண்ண வட்டப்படங்கள். எழுதிய நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

அட்டையிலேயே “400 பேர், 95% நம்பகம், பிழை ±5%” என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. 4ஆம் பக்கத்தில், மியன்மார் ஸ்மார்ட்போன் பயனர்களில் 68% பேர் ஆறு மாதத்துக்குள் போன் மாற்றுவார்களாம். 11ஆம் பக்கத்தில், ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இன்னும் ஆண்ட்ராய்டு 10இல்தான் இருக்கிறார்களாம், ஆகவே ஊரில் இருப்பதெல்லாம் பழைய போனாம். நாளுக்குச் சராசரி 3 மணி நேரம் போன் பார்க்கிறார்களாம். மண்டலேயில் 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களுக்குக் கேமராதான் முக்கியம் என்று தனியாக ஒரு பக்கம். கடைசியில், ‘போனில் பிடித்தது என்ன’ என்று கேட்டதற்குப் பர்மிய மொழியில் வந்த பதில்களில் எந்தச் சொல் அதிகம் என்று ஒரு படம்.

எப்படி எடுத்தார்கள் என்பது பின்னிணைப்பில் பொடி எழுத்தில்: பாதிப் பேர் பேஸ்புக்கில் போட்ட படிவத்தை நிரப்பியவர்கள், ஆளுக்கு 1,000 கியாட் போன் பில் அன்பளிப்பு. மீதிப் பாதி, ரங்கூனில் இரண்டு வணிக வளாகங்களில் போன் கடை வாசலில் நிறுத்திக் கேட்டது. கேள்வி இது: “புதிய, வேகமான போனுக்கு அடுத்த ஆறு மாதத்தில் மாற விரும்புகிறீர்களா? ஆம் / இல்லை.”

எனக்குப் புள்ளியியல் தெரியாது. 68 கொஞ்சம் ஜாஸ்தி என்று மட்டும் படுகிறது. ஆனால் ±5% என்று அச்சிலேயே போட்டிருப்பதை எப்படி மறுத்துப் பேசுவது? எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ளலாம், எதைத் தள்ளலாம்?

தாமுவே_கணக்கு:

வணக்கம் ஐயா. முதலில் 4ஆம் பக்கம். அதற்குப் புள்ளியியலே வேண்டாம், வகுத்தல் போதும். ஆறு மாதத்தில் 68% பேர் மாற்றுகிறார்கள் என்றால், ஒரு போன் ஒருவர் கையில் நிற்பது சராசரியாக 6 ÷ 0.68, அதாவது 9 மாதத்துக்கும் கொஞ்சம் குறைவு. நாட்டில் எல்லாரும் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை போன் வாங்குகிறார்களா? மூன்று வருடம் வைத்திருக்கும் ஊரில் ஆறு மாதத்துக்குள் மாற்றுபவர் ஆறில் ஒருவர், சுமார் 17%. இரண்டு வருடம்தான் என்றாலும் நாலில் ஒருவர், 25%. உங்கள் மூன்று கடையின் பழைய ரசீதுகளில் ஒரே பெயர் எத்தனை மாத இடைவெளியில் திரும்ப வருகிறது என்று பாருங்கள். 68க்குப் பக்கத்தில்கூட வராது.

அடுத்து அந்த ±5%. 1ஐ 400இன் வர்க்கமூலமான 20ஆல் வகுத்தால் 0.05. அட்டையில் இருப்பது இவ்வளவுதான். யாரைக் கேட்டார்கள், எங்கே நின்று கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் இந்தச் சூத்திரத்துக்குள் நுழைவதே இல்லை. நாட்டில் உள்ள ஒவ்வொரு பயனரும் தேர்வாகும் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்து, குலுக்கல் முறையில் 400 பேரை எடுத்திருந்தால் மட்டுமே ±5% என்ற பேச்சுக்கு இடம் உண்டு. வாசலில் நின்று பிடித்த 200 பேருக்கும், தானாக வந்து படிவம் நிரப்பிய 200 பேருக்கும் அந்தச் சூத்திரம் பொருந்தாது. பொய்க்கணக்கு என்று சொல்ல முடியாது. வேறு வீட்டுச் சாவியை இந்த வீட்டுப் பூட்டில் போட்டிருக்கிறார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அங்கே பானை ஒன்று, அடுப்பு ஒன்று. இங்கே ரங்கூன் ஒரு பானை, ஐராவதி டெல்டா இன்னொரு பானை, சின் மலை அடுப்பிலேயே ஏறாத பானை. எண்ணிக்கையைக் கூட்டினாலும் இது சரியாகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி அட்டைகள் அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பெயர்களைப் பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்தது முதல் கோளாறு, திருப்பி அனுப்பியவர்கள் மட்டும் கணக்கில் வந்தது இரண்டாவது. உங்கள் அறிக்கையில் இந்த இரண்டும் இருக்கின்றன.

போன் கடை வாசலில் நின்று ‘போன் வாங்குவீர்களா’ என்று கேட்பது, கோயில் வாசலில் நின்று ‘பக்தி உண்டா’ என்று கேட்பதைப்போல. பேஸ்புக் பாதியும் லேசுப்பட்டதில்லை. 2021 பிப்ரவரி முதல் இங்கே பேஸ்புக் தடை. தடையைத் தாண்ட உதவும் விபிஎன் போடத் தெரிந்து, அதற்கும் சேர்த்து டேட்டா வாங்கக்கூடியவர் கண்ணில்தான் அந்தப் படிவம் பட்டிருக்கும். போனில் அதிகம் புழங்குபவர்களும் புதுப் போனில் ஆசை உள்ளவர்களும் இயல்பாகவே அந்தக் கூட்டத்தில் அதிகம்.

லாக்_படிப்பவர்:

11ஆம் பக்கத்தை இப்போதே தள்ளிவிடுங்கள். அந்த ‘ஆண்ட்ராய்டு 10’ போனின் வயதைச் சொல்லவில்லை. குரோம் உலாவி எல்லார் நெற்றியிலும் ஒட்டும் ஒரே பொட்டு அது.

உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வரி ஒன்று உண்டு. முன்பு அதில் போன் மாடலும் ஆண்ட்ராய்டு பதிப்பும் அப்படியே இருக்கும். ஆளைப் பின்தொடர அது உதவுகிறது என்பதால் 2023இல் குரோம் 110லிருந்து படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆண்ட்ராய்டு 14 ஓடும் போனானாலும் அந்த வரியில் “ஆண்ட்ராய்டு 10” என்றும், மாடல் இருந்த இடத்தில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்தும்தான் வரும். இது தெரியாமல் படிவத் தளத்தின் பதிவிலிருந்து பதிப்பை எண்ணினால் ஊரே பத்தில் நிற்பதாகத்தான் தெரியும். நேற்று வாங்கிய போனும் பழைய போன் கணக்கில் சேர்ந்துவிடும். அதாவது குரோம் புதியதாக இருக்கிறது என்பதற்கான அடையாளத்தையே போன் பழையது என்பதற்குச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள்!

சரிபார்க்கும் வழி சுலபம். மூலக்கோப்பைக் கேட்டு வாங்கி மாடல் என்ற பத்தியைப் பாருங்கள். வரிசையாக ‘கே’, ‘கே’ என்று இருந்தால் விஷயம் முடிந்தது. உண்மையான பதிப்பு வேண்டுமென்றால் தளத்தின் சர்வர் ‘கிளையன்ட் ஹின்ட்ஸ்’ என்ற முறையில் மாடலையும் பதிப்பையும் தனியாகக் கேட்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட இணைப்பில்தான் பதில் வரும், பயர்பாக்ஸ் அப்போதும் தராது. நேரில் கேட்பதானால் செட்டிங்ஸைத் திறந்து ‘போனைப் பற்றி’ என்ற பக்கத்தைக் காட்டச் சொல்வதே நல்லது. “உங்கள் ஆண்ட்ராய்டு எத்தனை?” என்று வாய்வழியாகக் கேட்டால் பத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் அதிகம்.

அதே கோப்பில் ஊர்ப் பத்தி இருந்தால் அதையும் நம்ப வேண்டாம். இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியை வைத்து ஊர் கண்டுபிடித்திருந்தால், விபிஎன் போட்டவர் சிங்கப்பூர்க்காரராகவோ அமெரிக்கராகவோ பதிவாகியிருப்பார். ‘வெளிநாடு’ என்று வந்ததையெல்லாம் கழித்திருந்தால், இங்கே இருக்கும் ஆட்களையே கழித்திருக்கிறார்கள். போனின் நேர மண்டலத்தைப் பார்ப்பது இதைவிட மேல். நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. இந்த ஆறரை மணிக் கணக்கு நம்மைத் தவிர கோகோஸ் தீவுக்குத்தான் உண்டு. உலாவியிடம் நேர வித்தியாசம் கேட்டால் நிமிடக் கணக்கில் −390 வர வேண்டும். மண்டலத்தின் பெயரை வைத்து வடிகட்டுகிறவர்கள் ‘ஏஷியா/யாங்கோன்’, ‘ஏஷியா/ரங்கூன்’ இரண்டையும் சேர்க்க வேண்டும். குரோம் பழைய பெயரையே தருவதுண்டு. நம்மைப்போல!

இணையத்தில் கிடைக்கும் பிராண்டு பங்குப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றை வெளியிடும் ஸ்டாட்கவுன்ட்டர் என்ற தளம் எண்ணுவது பக்கப் பார்வைகளை. 200 பக்கம் திறந்தவர் 200, ஒரு பக்கம் திறந்தவர் 1. டேட்டா மிச்சம் பிடித்து வைபர் அரட்டை ஆப் மட்டும் பயன்படுத்தும், ஆற்றுக்கு அக்கரை டாலா வாசி அதில் ஒரு புள்ளிகூட இல்லை. அதை ‘எத்தனை பேர் கையில் எந்தப் போன்’ என்று படிப்பது தவறு.

பசுண்டான்_தம்பி:

எல்லாரும் சேர்ந்து அடிக்கிறீங்களே அண்ணே. 2014இல் சிம் விலை விழுந்தப்போ எந்த ஆய்வும் சொல்லாத வேகத்தில் ஊரே போன் வாங்கியதே. அப்போ குறைச்சு மதிப்பிட்டவங்கதான் நஷ்டப்பட்டாங்க. 68 நடக்காதுன்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க?

தாமுவே_கணக்கு:

நல்ல கேள்வி தம்பி. ஆனால் அது வேறு கணக்கு. அதற்கு முன் சிம் லட்சக்கணக்கான கியாட் விற்றது. 2013 ஏப்ரலில் அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்பிடி மாதம் 3,50,000 சிம்களைக் குலுக்கல் போட்டு 1,500 கியாட்டுக்குக் கொடுக்கத் தொடங்கியது. வெளிநாட்டு நிறுவனங்களான உரிடூ 2014 ஆகஸ்டிலும் டெலினார் செப்டம்பரிலும் வந்தபிறகு குலுக்கலே தேவைப்படவில்லை. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு வீட்டில்தான் மொபைல் போன் இருந்தது. மூன்றில் இரண்டு வீடு முதல் போனுக்குக் காத்திருந்தது. அந்த வேகம் முதல்முறை வாங்குபவர்களுடையது. இப்போது கேள்வி, கையில் ஓடிக்கொண்டிருக்கும் போனைத் தூக்கிப்போட்டு இன்னொன்று வாங்குவார்களா என்பது. முன்னது வறண்ட குளத்தில் தண்ணீர் நிரம்புவது, பின்னது நிரம்பிய குளத்தில் தண்ணீரை மாற்றுவது.

கூடவே இன்னொன்று. மக்கள்தொகையைவிடச் சிம் எண்ணிக்கை அதிகம் என்று காட்டி ‘எல்லாரிடமும் போன் இருக்கிறது’ என்பார்கள். ஒருவர் பையில் இரண்டு மூன்று சிம் இருக்கும், ஒரு வீட்டில் நாலு பேர் ஒரே போனைப் பார்ப்பார்கள். சிம், போன், ஆள் மூன்றும் மூன்று எண்ணிக்கை. அறிக்கையில் ‘பயனர்’ என்ற சொல்லுக்கு இதில் எது பொருள் என்று முதல் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த ஒரு குறையே போதும்.

கேள்வித்தாள்_அக்கா:

யாரைக் கேட்டார்கள் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். கேட்ட விதம் அதைவிட மோசம். “புதிய, வேகமான” என்று கேள்வியே விளம்பரம் பேசுகிறது. “விரும்புகிறீர்களா” என்பது ஆசையைக் கேட்பது, வாங்குவதை அல்ல. விலை இல்லை, யார் காசு என்பது இல்லை. ஆம் / இல்லை என்று இரண்டே கதவு. முகத்தாட்சண்யம் வேறு. அன்பளிப்பை வைத்துக்கொண்டு சிரித்துக் கேட்கும் பிள்ளையிடம் ‘இல்லை’ என்று சொல்ல நம்மவர்களுக்கும் வராது, ‘ஆனாதே’ என்று கூச்சப்படும் பர்மியர்களுக்கு இன்னும் வராது. வாசலில் கேட்ட 200இல் ‘ஆம்’ எத்தனை, ஆளே இல்லாமல் படிவத்தில் வந்த 200இல் ‘ஆம்’ எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் பெரிதாக விலகினால் கேட்ட இடமும் கேட்ட முகமும் பதிலை மாற்றியிருக்கின்றன.

வாங்கும் உத்தேசத்தை அளக்க 1966இல் ஜஸ்டர் என்ற பொருளியலாளர் கொண்டுவந்த 11 படி அளவுகோல் இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. இப்படிக் கேட்கலாம்: “இன்று முதல் திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) வரை, உங்கள் வீட்டுக் காசில் உங்களுக்கென்று ஒரு போன் வாங்கும் வாய்ப்பு எவ்வளவு? 0 என்றால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, நூற்றில் ஒன்று. 10 என்றால் நிச்சயம், நூற்றில் 99.” அட்டையில் 0 முதல் 10 வரை அச்சடித்துக் கையில் கொடுத்துத் தொடச் சொல்ல வேண்டும், வாயால் படித்துக் காட்டினால் எல்லாரும் 5 என்பார்கள். உதாரணத்துக்குப் பத்துப் பேர் 0, 0, 0, 1, 1, 2, 2, 3, 5, 8 என்று தொட்டால் கூட்டுத்தொகை 22, சராசரி 2.2. எதிர்பார்ப்பு 22%. இதே பத்துப் பேரிடம் “விரும்புகிறீர்களா” என்றால் பூஜ்யம் தொட்ட மூன்று பேர் தவிர மற்ற ஏழு பேரும் ‘ஆம்’ என்றுவிடலாம், 70 ஆகிவிடும். உங்கள் 68 எங்கிருந்து வந்திருக்கும் என்பது இதிலேயே தெரியும்.

‘கடந்த ஆறு மாதத்தில் வாங்கினீர்களா’ என்று கேட்டாலும் ஒரு வழுக்கல் உண்டு. போன வருடம் வாங்கியதும் ‘சமீபத்தில்’ என்று நினைவில் முன்னே நகர்ந்து வந்துவிடும். மாதக் கணக்கை விட்டு, ‘திஞ்ஞானுக்கு முன்னாலா பின்னாலா, வாசோ (நோன்பு தொடங்கும் மாதம்) தொடங்கியபிறகா’ என்று திருநாளை நட்டுக் கேட்டால் பிழை குறையும். ரசீதோ பெட்டியோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

3 மணி நேரம் என்ற சராசரிக்கு ஒரு மதிப்பும் இல்லை. பதில்களைக் கோப்பில் வரிசைப்படுத்தினால் 1, 2, 3, 5 என்று முழு எண்களில் குவிந்திருக்கும், 2 மணி 40 நிமிடம் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார். அதாவது யாரும் அளக்கவில்லை, ஊகித்திருக்கிறார்கள். 2015இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 23 பேரின் போனில் பதிவு ஆப் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளில் எத்தனை தடவை போனை எடுக்கிறோம் என்று அவர்கள் சொன்னது உண்மையில் பாதி அளவுகூட இல்லை. 2018 முதல் ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் வந்துவிட்டன. திறந்து, ஒரே நாளை அல்ல, ஏழு நாள் எண்ணையும் படிக்கச் சொல்லலாம். கரண்ட் போகும் நாளும் இருக்கும் நாளும் ஒன்றல்ல.

இனி கடைசிப் பக்கத்துச் சொல்படம். இதில் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவின் சிக்கல் ஒளிந்திருக்கிறது. நாடு உலகப் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு அதிகாரபூர்வமாக மாறியது 2019 அக்டோபர் 1. அதற்குப் பிறகும் ஜோஜியில் தட்டுகிற பழைய போன்கள் இருக்கின்றன. பாமினி, டிஸ்கி எழுத்துருக் காலத்துத் தமிழ் நினைவிருக்கிறவர்களுக்கு உடனே புரியும்: ‘கெ’ எழுத அங்கே கொம்பை முதலில் சேமிக்கும், யூனிகோடில் ‘க’ முதலில், கொம்பு பிறகு. பர்மிய ‘எ’ குறியீட்டுக்கும் அதே கதைதான். பாமினியாவது எழுத்துரு மாறினால் ஆங்கிலக் குப்பையாக நின்று காட்டிக்கொடுத்துவிடும். ஜோஜி யூனிகோடின் அதே எண் இடங்களிலேயே உட்கார்ந்திருப்பதால் பாதி சரியாகவே தெரியும், கணினிக்குச் சந்தேகமே வராது. ஒரே சொல் இரண்டு சொல்லாக எண்ணப்படும், ஜோஜிக்காரர்களின் பதில் சிதறி அடியில் போய்விடும். பழைய போன் வைத்திருப்பவர்களின் குரல்தான் இப்படிக் காணாமல் போகிறது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் போன் விற்க நினைப்பது அவர்களுக்கு. கூகுள் 2018இல் வெளியிட்ட மியன்மார் டூல்ஸ் ஒவ்வொரு பதிலுக்கும் ஜோஜியாக இருக்கும் வாய்ப்பை 0 முதல் 1 வரை சொல்லும். ஒற்றைச் சொல் பதில்களில் தடுமாறும், அவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் யூனிகோடாக மாற்றி, பிறகு சொல் பிரித்து, அப்புறம்தான் எண்ணுவது. பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை என்பதால் அந்தச் சொல் பிரிப்பும் சும்மா வேலை இல்லை.

மொகல்தெரு_கடை:

எல்லாருக்கும் நன்றி. கேட்டவுடன் தரவில்லை, மொத்த வியாபாரி மூலமாக இரண்டு முறை கேட்டபிறகு மூலக்கோப்பை அனுப்பினார்கள். 400இல் 320 பேர் ரங்கூன். மீதி 80 பேர் மற்ற ஊர்கள், எல்லாம் பேஸ்புக் படிவம். மண்டலே, 25க்குக் கீழ், பெண்: 11 பேர். மாடல் பத்தியில் நீங்கள் சொன்ன ‘கே’ வரிசையாக இருக்கிறது. ஒரே ஐபி முகவரியில் 9 படிவம் வந்திருக்கிறது. அது கள்ளப் படிவம்தானே? ரங்கூனுக்கு மட்டுமாவது இதை வைத்துக்கொள்ளலாமா?

லாக்_படிப்பவர்:

ஒரே ஐபி என்பதற்காகக் கள்ளம் என்று முடிவு கட்ட வேண்டாம். மொபைல் நிறுவனங்கள் ஒரு முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, விபிஎன்னும் அப்படியே. போன் பில் எந்த எண்ணுக்குப் போயிற்று என்று பாருங்கள். எண் வேறு வேறாக இருந்தாலும் ஒருவரே மூன்று சிம்முக்கு மூன்று படிவம் போட்டிருக்கலாம். அதைப் பிடிக்க மூன்று தடயம்: நிரப்ப எடுத்த நேரம் நடுமதிப்பில் மூன்றில் ஒன்றுக்கும் கீழ், எல்லாக் கேள்விக்கும் முதல் விடை, எழுத்துப் பதில் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இரண்டு தடயமாவது சேர்ந்தால் நீக்குங்கள். ஒன்றை மட்டும் வைத்து நீக்கினால் வேகமாகத் தட்டும் இளவட்டங்களைக் கழித்துவிடுவீர்கள்.

தாமுவே_கணக்கு:

11 பேரை வைத்து ஒரு பக்கம்! குலுக்கலில் எடுத்திருந்தாலே 11 பேருக்கு ±30% ஆகும். ஆறு பேர் கேமரா என்றிருந்தால் ‘பெரும்பான்மை’.

320 / 80க்கு என்ன பொருள் என்று போட்டுக் காட்டுகிறேன். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு 5.15 கோடி, ரங்கூன் பிராந்தியம் 73.6 லட்சம், அதாவது 14.3%. கோப்பில் ரங்கூன் 80%. நாட்டுக்கு ஏற்ப எடை போட்டால் ரங்கூன்காரர் ஒருவருக்கு 14.3 ÷ 80 = 0.18, வெளியூர்க்காரர் ஒருவருக்கு 85.7 ÷ 20 = 4.28. எண்பது பேரில் ஒருவர் மனம் மாறினால் நாலேகால் பேர் மாறியதாகக் கணக்கு. எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கம் செய்து, எடைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் உண்மையில் எத்தனை பேர் பலம் என்று தெரியும்: 1,60,000 ÷ 1,479 = 108. அட்டையில் 400, உள்ளே 108. பிழை ±5 அல்ல, ±9.4. இதுவும் குலுக்கலில் எடுத்ததாகக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணக்கு. எடை போட்டால் ஊர் விகிதம் சரியாகும், ஊருக்குள் யாரைக் கேட்டார்கள் என்பது சரியாகாது. எடைக்கான அடிப்படையே இப்போது ஆட்டம்தான். 2024 கணக்கெடுப்பின் முதற்கட்ட எண்ணான 5.13 கோடியில் 1.91 கோடி நேரில் எண்ணாமல் மதிப்பிட்டது.

ரங்கூனுக்கு மட்டும் என்றாலும் வேண்டாம். 320இல் 200 போன் கடை வாசல்.

உங்களுக்குத் தேவை ஒரே விடை: இரட்டிப்பு எடுப்பதா, வழக்கம்போல் எடுப்பதா. 68க்கும் 20க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க 400 பேர் வேண்டியதில்லை, ஒழுங்காகத் தேர்ந்த 60 வீடு போதும், ±13க்குள் வரும். பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒரே மாதிரி இருப்பதால் ±16 என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைகளுக்கு ஆள் வரும் டவுன்ஷிப்களில் ஆறு வார்டைச் சீட்டுப் போட்டு எடுங்கள், வார்டுக்குப் பத்து வீடு, ஒரு முனையிலிருந்து ஐந்தாவது கதவு, அதிலிருந்து ஐந்தாவது என்று போக வேண்டும். இதில் வேலைக்குப் போகும் பையன்கள் செய்யும் ஒரே தவறு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மேலே ஏற மாட்டார்கள். ஏழாம் மாடியில் வாடகை குறைவு, அங்கே குடியிருப்பவர் வாங்கும் போனும் வேறு. பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்து மணியடித்து, பதில் வராவிட்டால் மாலை ஒருமுறை, ஞாயிறு ஒருமுறை திரும்பப் போக வேண்டும். ஆள் இல்லை என்று பக்கத்துக் கதவுக்குத் தாவினால் பகலில் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே சிக்குவார்கள். கதவு திறந்தவரை அப்படியே கேட்கவும் கூடாது. வீட்டில் போன் வைத்திருக்கும் எல்லார் பெயரையும் எழுதி அதில் ஒன்றைச் சீட்டெடுத்துக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பெண்களும் பெரியவர்களும் குறைந்துபோவார்கள். கேள்வி, அக்கா சொன்ன 0 முதல் 10 அட்டை.

அதற்கும் முன்னால் உங்கள் சொந்த ரசீதுக் கட்டைப் பாருங்கள். கடந்த ஆண்டு தடின்ஜுட்டுக்கு முந்திய மூன்று வாரத்தின் வாரச் சராசரியை, அதற்கு முந்திய எட்டு வாரத்தின் வாரச் சராசரியால் வகுங்கள். அதற்கு முந்திய ஆண்டுக்கும் இதே. இரண்டு திருநாளும் சந்திரக் கணக்கில் நகர்வதால் தேதியை ஒப்பிடாதீர்கள், திருநாளிலிருந்து எத்தனை வாரம் என்று எண்ணுங்கள். அந்த விகிதம் இரண்டைத் தொடாவிட்டால் இரட்டிப்புச் சரக்கு கிடங்கில்தான் இருக்கும்.

மொகல்தெரு_கடை:

ரசீதுக் கணக்கு இன்று ராத்திரியே போடுகிறேன். 60 வீட்டுக்கு ஆள் பிடிக்க இரண்டு வாரமாகும், சரக்கு ஆர்டர் அதற்குள் கொடுக்க வேண்டும். அதற்கிடையில் வேறு வழி?

தாமுவே_கணக்கு:

முன்பணம். மூன்று கடையிலும் வரப்போகும் இரண்டு மாடல்களின் விலையை எழுதி ஒட்டி, 10,000 கியாட் கட்டிப் பெயர் பதியச் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்ப. விலை கேட்டவர் எத்தனை, பணம் கட்டியவர் எத்தனை என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ண வேண்டும், மூன்று கடைக்கும் தனித்தனி நோட்டு. ரசீதில் ரேம், நிறம், இப்போது கையிலிருக்கும் போன் வாங்கிய மாதம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் தாட்சண்யத்துக்குக் கட்டுவார்கள், அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பத்து நாள் நோட்டில் பணம் கட்டியவர் எண்ணிக்கையையும், வழக்கமான சரக்கை ரசீது விகிதத்தால் பெருக்கி வரும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டில் சிறிய எண்ணுக்கு முதல் ஆர்டர் கொடுங்கள். மீதியை இரண்டாம் தவணையாக அனுப்ப முடியுமா என்று மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். 68%இல் அவருக்கே நம்பிக்கை இருந்தால், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதித் தரட்டும்.